பெண்கள் ஆடிய பந்து – 9: மதுரை வழியாகக் காத்மாண்டு

சென்ற அத்தியாயத்தைக் கோழிக்கோட்டில் நிறுத்தியிருந்தோம். 1980-ஆம் ஆண்டின் ஆசிய மகளிர் கால்பந்துப் போட்டியை நடத்திய இந்தியா, ஒன்றுக்கு இரண்டாக அணிகளை இறக்கியும் இறுதியாட்டத்தில் தைவானிடம் 0-2 என்று தோற்றது. 1983-ல் பாங்காக்கில் மறுபடியும் ஓர் இறுதியாட்டம். இந்த முறை தாய்லாந்திடம் 0-3. அதே ஆண்டு சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. கால்பந்துக்காக அந்த விருதைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்.

அதோடு சரி. ஆசியாவின் முதல் இரண்டு இடங்களுக்குள் இந்தியப் பெண்கள் அதற்குப் பிறகு வரவே இல்லை. 1975-ல் லக்னோவில் தொடங்கிய இந்திய மகளிர் கால்பந்து சம்மேளனம் காசில்லாமல், ஆனால் வீம்போடு நடத்திவந்த ஆட்டம், 1990-களின் தொடக்கத்தில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் கைக்கு வந்தது. கூட்டுக் குடும்பத்துக்குக் கட்டிக்கொடுத்த பெண்ணின் நிலைமைதான் பிறகு அதற்கு. வீடு பெரிது, பந்தியில் இடம் கடைசி. 2009-ல் ஃபிஃபா தன் உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்தே இந்தியப் பெண்கள் அணியை எடுத்துவிட்டது. மோசமாக ஆடினார்கள் என்பதற்காக அல்ல. 18 மாதங்களுக்கு மேல் ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடவில்லை என்பதற்காக.

இந்த இடத்தில்தான் நம் அத்தியாயத்தின் நாயகம் உள்ளே வருகிறது: தெற்காசிய மகளிர் கால்பந்துக் கோப்பை. கால்பந்துக்காரர்கள் சுருக்கமாக ‘சாஃப்’ என்பார்கள். ஆண்களுக்கான தெற்காசியப் போட்டி 1993-ல் லாகூரில் தொடங்கிவிட்டது. பெண்களுக்கு அது வாய்க்க இன்னும் 17 ஆண்டுகள் ஆயின. 2010 டிசம்பரில் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் முதல் போட்டி நடந்தது. எட்டு நாடுகள் வந்தன. ஆட்டத்தின் தரம் எப்படி இருந்தது என்று ஒரே ஒரு ஸ்கோரில் சொல்லிவிடலாம். பூட்டானை இந்தியா 18-0 என்று தோற்கடித்தது.

18-0 என்பது வெற்றிச் செய்தி மாதிரி தெரியும். உண்மையில் அது ஒரு வட்டாரத்தின் வறுமைச் செய்தி. பூட்டான், மாலத்தீவு, ஆப்கானிஸ்தான் பெண்கள் அப்போதுதான் பூட்ஸ் மாட்டப் பழகிக்கொண்டிருந்தார்கள். இந்தியப் பெண்களோ, முக்கியமாக மணிப்பூர்ப் பெண்கள், ஒரு தலைமுறை முன்னதாகவே தொடங்கிவிட்டவர்கள். ஆகவே கோப்பை வரிசையாக இந்தியாவுக்கே வந்தது. 2010-ல் நேபாளத்தை 1-0, 2012-ல் கொழும்பில் நேபாளத்தை 3-1, 2014-ல் இஸ்லாமாபாத்தில் மறுபடியும் நேபாளத்தையே 6-0. பாகிஸ்தான் தலைநகரில் ஓர் இந்தியப் பெண்கள் அணி கோப்பையைத் தூக்கிவிட்டுத் திரும்பியது என்பது நம் பத்திரிகைகளில் விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் வந்து போனது. ஆண்கள் கிரிக்கெட் அணி அதைச் செய்திருந்தால் முதல் பக்கம் போதாமல் போயிருக்கும்.

இனி கொஞ்சம் நம் ஊர்ப் பக்கம்.

இந்தத் தொடரை ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருந்து படிப்பவர்களுக்கு, காக்ஸ் பஜாரும் நேபாளத்தின் பிராட்நகரும் எங்கோ வடகிழக்கு மூலையில் கிடக்கும் பெயர்கள். ஆனால் தெற்காசியப் பெண்கள் கால்பந்தின் அடுத்த பத்தாண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய மதுரை வழியாகத்தான் போகிறது. சேது எஃப்.சி. என்கிற பெண்கள் கிளப்பின் பெயரோடு ஒட்டியிருக்கும் ஊர் மதுரை. அதை நடத்தும் சீனி முகைதீன் சார்ந்திருக்கும் சேது பொறியியல் கல்லூரியோ காரியாபட்டி பக்கத்துப் புல்லூரில் இருக்கிறது. அதாவது, ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கிற அதே விருதுநகர் மாவட்டம்.

நூற்பாலை, பால்கோவா, தேர், நாட்டு நாய் என்று அறியப்பட்ட வட்டாரத்தில் பெண்ணும் பந்தும் சேர்ந்த பேச்சு அந்நியமாகத் தோன்றலாம். தோன்ற வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியான ஆண்டாளின் திருப்பாவையிலேயே நப்பின்னை கையில் பந்தோடுதான் வருகிறாள். மார்கழிதோறும் அதைப் பாடுகிற ஊர், அந்தப் பந்தைப் பற்றி அதிகம் யோசித்ததில்லை, அவ்வளவுதான்.

பள்ளிகளில் நடப்பது வேறு கதை. அரசுப் பள்ளிப் பெண்ணுக்குக் கால்பந்து அறிமுகமாவது குறுவட்டப் போட்டியில். அங்கே ஜெயித்தால் வருவாய் மாவட்டம், பிறகு மாநிலம். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். இதில் ஓர் உள்குத்து உண்டு, பி.டி. டீச்சர்கள் எல்லோருக்கும் தெரியும். கால்பந்துக்கு என்று தனியாகப் பதினோரு பெண்கள் கிடைப்பது அபூர்வம். கபடி டீமிலிருந்து நாலு பேர், நானூறு மீட்டர் ஓடுகிறவள் ஒருத்தி, கோ-கோ ஆடுகிறவர்கள் சிலர், உயரமாக இருப்பதாலேயே கோல் கம்பத்துக்கு நடுவில் நிறுத்தப்பட்ட ஒருத்தி. இப்படித்தான் டீம் சேரும். ஒரு வாரம் பிராக்டிஸ். கரடுமுரடான மைதானத்தில் முட்டி தேய்ந்தால் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பேண்டேஜ் துணியைச் சுற்றிவிட்டு மறுபடி உள்ளே அனுப்புவார்கள். அந்தத் துணியாவது உள்ளூர்ச் சரக்காக இருக்க வாய்ப்பு உண்டு. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் தறிகள் நெய்வது அதைத்தானே. முதல் சுற்றில் தோற்றால் அந்த வருஷத்துக் கால்பந்து அன்று மாலையோடு முடிந்தது.

இப்படிப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு, பெண்களுக்காக ஒரு தொழில்முறை கிளப் நடத்தக் கிளம்புவது கொஞ்சம் துணிச்சல்தான். இந்திய மகளிர் லீக் 2017-ல் டெல்லியில் தொடங்கியது. மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் முதல் கோப்பையை வென்றது. அடுத்த பருவத்தின் இறுதிச் சுற்று 2018-ல் ஷில்லாங்கில் நடந்தபோது, சேது எஃப்.சி. ஒரு காரியம் செய்தது. வங்கதேசத்திலிருந்து இரண்டு பேரை அழைத்துவந்தது. ஒருவர், சாத்கீராவைச் சேர்ந்த அந்நாட்டுக் கேப்டன் சபீனா காத்தூன். இன்னொருவர், டாங்காயில் மாவட்டத்தின் கிருஷ்ணா ராணி சர்க்கார்.

இந்த இரண்டு பெயர்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சபீனாவை இந்தியாவுக்கு முன்பே தெரியும். 2016 டிசம்பர் கடைசியில் சிலிகுரியில் நடந்த நான்காவது தெற்காசியக் கோப்பையில், லீக் சுற்றில் அவருடைய அணி இந்தியாவை 0-0 என்று கட்டிப்போட்டது. அந்தப் போட்டியின் வரலாற்றில் இந்தியா ஜெயிக்காமல் திரும்பிய முதல் ஆட்டம் அது. நான்கே நாளில், 2017 ஜனவரி 4-ஆம் தேதி, இறுதியாட்டத்தில் அதே வங்கதேசத்தை இந்தியா 3-1 என்று வென்றது. கோல் அடித்தவர்கள் டாங்மெய் கிரேஸ், சஸ்மிதா மாலிக், மூன்றாவதாக நம் கடலூர் இந்துமதி கதிரேசன். வடகிழக்கும் ஒடிசாவும் பங்குபோட்டுக்கொண்டிருந்த அணியில் ஒரு தமிழ்ப் பெண் இறுதியாட்டத்தில் கோல் அடித்தாள் என்பதற்குத் தமிழ்நாட்டில் கைதட்டல் குறைவாகத்தான் கேட்டது.

கைதட்டாவிட்டாலும் காற்று மாறிக்கொண்டிருந்தது. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய சீனியர் போட்டியின் இறுதியாட்டத்தில் தமிழ்நாடு, மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தி முதன்முறையாகக் கோப்பையை வென்றது. தேசிய கோப்பை என்றாலே மணிப்பூர் என்றிருந்த காலத்தில் அது நடந்தது. நந்தினி முனுசாமி ஒரு கோல், இந்துமதி ஒரு கோல்.

இனி 2019 மார்ச். நேபாளத்தின் பிராட்நகர். ஐந்தாவது தெற்காசியக் கோப்பை. அரையிறுதியில் வங்கதேசத்தை இந்தியா 4-0 என்று நொறுக்கியது. அதில் இரண்டு கோல் இந்துமதியுடையது. 22-ஆம் தேதி இறுதியாட்டம், போட்டி நடத்தும் நேபாளத்தோடு. கூட்டம் மொத்தமும் ஒரே பக்கம். முதல் பாதியில் டாலிமா சிப்பர் வெகு தூரத்திலிருந்து அடித்த ஃப்ரீ கிக் நேராக வலைக்குள் போனது. சற்று நேரத்தில் நேபாளத்தின் சபித்ரா பண்டாரி அதைச் சமன் செய்தார். நேபாளத்தில் அவரை ‘சாம்பா’ என்று அழைப்பார்கள். தற்காப்புக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் கிடைக்கும் இரண்டடி இடைவெளி போதும் அவருக்கு. இரண்டாம் பாதியில் கிரேஸும் அஞ்சு தமாங்கும் ஆளுக்கொன்று அடிக்க, 3-1. ஐந்தாவது முறையாகவும் கோப்பை இந்தியாவுக்கே.

இரண்டே மாதம். 2019 மே மாதம் லூதியானாவில் இந்திய மகளிர் லீக்கின் இறுதிச் சுற்று. மார்ச்சில் இந்தியாவின் வலையில் பந்தைப் போட்ட அதே சபித்ரா, இப்போது சேது எஃப்.சி.யின் சட்டையில். சபீனாவை அழைத்த கிளப் இந்த முறை நேபாளத்தின் பக்கம் கை நீட்டியிருந்தது. பயிற்சியாளரும் ஒரு பெண், அம்ருதா அரவிந்த். அணியில் இந்துமதி இருந்தார், மணிப்பூரின் ரத்தன்பாலா தேவி இருந்தார். மே 22-ஆம் தேதி மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று, ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் சேது எஃப்.சி. இந்தியாவின் சாம்பியன் ஆனது. தமிழ்நாட்டிலிருந்து ஒரு கிளப் அந்தக் கோப்பையைத் தொட்டது அதுதான் முதல் முறை.

அடுத்த பருவத்தில் சபித்ரா கேரளத்தின் கோகுலம் அணிக்குப் போய், அங்கேயும் கோப்பை வாங்கிக் கொடுத்தார். பிறகு இஸ்ரேல், பிரான்ஸ் என்று அவருடைய பாதை நீண்டது. இந்துமதியின் பாதை காக்கிச் சட்டைக்குப் போனது. தமிழ்நாடு காவல் துறையில் உதவி ஆய்வாளர். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது, கோப்பைகள் வென்ற கால்கள் சென்னைத் தெருக்களில் ரோந்துப் பணியில் நின்றன. பெண் கால்பந்துக்காரிக்கு அரசு வேலைதான் ஓய்வூதியமும் ஸ்பான்சரும் எல்லாமும் என்பதால், அதைக் குறையாகச் சொல்ல இந்தத் தொடருக்கு மனம் வரவில்லை.

இப்போது நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன இரண்டு பெயர்களுக்கு வருவோம்.

2022 ஆகஸ்ட் 15-ஆம் தேதி ஃபிஃபா, நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று சொல்லி இந்தியச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. பதினோரு நாளில் தடை விலகிவிட்டது. ஆனால் அந்த இடைவெளியில் ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை போயிருந்த கோகுலம் பெண்கள், ஓர் ஆட்டமும் ஆடாமல் திரும்ப வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே காத்மாண்டுவில் ஆறாவது தெற்காசியக் கோப்பை. பாகிஸ்தானை 3-0, மாலத்தீவை 9-0 என்று வென்ற இந்தியா, செப்டம்பர் 13-ஆம் தேதி வங்கதேசத்திடம் 0-3 என்று தோற்றது. தெற்காசியக் கோப்பையில் இந்தியப் பெண்களுக்கு அதுவே முதல் தோல்வி. மூன்று நாள் கழித்து அரையிறுதியில் நேபாளத்தின் ராஷ்மி குமாரி கிசிங் அடித்த ஒரே கோலில் இந்தியா வெளியேறியது.

செப்டம்பர் 19, தசரத் ரங்கசாலா மைதானம். மழையில் ஊறிச் சேறாகிக் கிடந்தது தரை. பந்து உருள மறுத்தது. அந்தச் சேற்றில் வங்கதேசம் 3-1 என்று நேபாளத்தை வென்றது. இரண்டு கோல் கிருஷ்ணா ராணி சர்க்கார். எட்டு கோல்களோடு போட்டியின் சிறந்த வீராங்கனை, கேப்டன் சபீனா காத்தூன். நான்கு வருஷத்துக்கு முன் மதுரைக் கிளப்பின் சட்டையில் ஷில்லாங்கில் ஓடியவர்கள்.

டாக்காவில் அவர்களை வரவேற்க டபுள் டெக்கர் பஸ் ஒன்றின் கூரையை அறுத்து எடுத்தார்கள். விமான நிலையத்திலிருந்து கிளம்பிய அந்த பஸ் கூட்டத்தில் நகர முடியாமல் நகர்ந்தது. வழியில் விளம்பரப் பலகை ஒன்று இடித்து ரிது போர்ணா சக்மாவின் தலையில் காயம், தையல் போட வேண்டியதாயிற்று. கோப்பையை வாங்கும்போது படாத அடி கொண்டாட்டத்தில் பட்டது.

சேது எஃப்.சி. அழைத்ததால்தான் வங்கதேசம் ஜெயித்தது என்று எழுதினால் அது ஊர்ப்பாசம், வரலாறு ஆகாது. காரணம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 2011-லிருந்து வங்கதேசம் தொடக்கப் பள்ளிச் சிறுமிகளுக்காகவே நாடு தழுவிய கால்பந்துப் போட்டியை நடத்திவந்தது. மேகாலய எல்லையை ஒட்டிய மைமன்சிங் மாவட்டத்துக் கல்சிந்தூர் என்கிற கிராமத்துத் தொடக்கப் பள்ளி அந்தக் கோப்பையை வென்றது. அந்த ஒரு கிராமத்திலிருந்தே தேசிய அணிக்குப் பல பேர் வந்தார்கள். பிறகு அவர்களையெல்லாம் டாக்காவில் சம்மேளனத்தின் கட்டடத்திலேயே தங்கவைத்து, வருஷம் முழுக்கப் பயிற்சி கொடுத்தார் கோலாம் ரப்பானி சோட்டன். நம் குறுவட்டப் போட்டியில் ஒரு பெண் முதன்முதலாகப் பந்தை உதைக்கிற வயதில், கல்சிந்தூர்ப் பெண்ணுக்கு நாலைந்து வருஷ அனுபவம் சேர்ந்திருக்கும். வித்தியாசம் அங்கே இருக்கிறது. இந்திய லீக்கில் ஆடியது அதற்கு மேல் பூசிய மெருகு. வெளியூர் மைதானம், முன்பின் தெரியாத கூட்டாளிகள், பயணம், சம்பளம் வாங்கி ஆடும் பொறுப்பு. இதையெல்லாம் பயிற்சி முகாம் சொல்லித்தராது.

மெருகு பூசும் வேலை தொடரத்தான் செய்தது. 2024-ல் சஞ்சீதா அக்தர் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு வந்தார். சபீனா பெங்களூரின் கிக்ஸ்டார்ட்டுக்கு. அதே ஆண்டு அக்டோபரில் மறுபடியும் காத்மாண்டு, ஏழாவது கோப்பை. லீக் சுற்றில் வங்கதேசத்திடம் இந்தியா 1-3.

அரையிறுதியில் நேபாளம். இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டாம் பாதியில் சங்கீதா பாஸ்போர் இந்தியாவுக்கு முன்னிலை வாங்கிக் கொடுத்தார். இந்தியப் பெண்கள் கோட்டுக்கு வெளியே கொண்டாடிக்கொண்டிருக்கையில், நேபாளம் சட்டென்று நடுவிலிருந்து பந்தைத் தள்ளிக்கொண்டு போய் வலைக்குள் போட்டுவிட்டது. செல்லாது என்றார் நடுவர். நேபாளப் பெண்கள் ஆட மறுத்தார்கள். கூட்டம் கொதித்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் நின்றது. வியர்வை காய்ந்து, தசை இறுகி, கவனம் சிதறிய பிறகு மறுபடி விசில் ஊதினார்கள். ஊதிய கையோடு சமன் செய்தது யார்? சபித்ரா பண்டாரிதான். பெனால்டியில் நேபாளம் 4-2. இறுதியாட்டத்தில் வங்கதேசம் 2-1 என்று நேபாளத்தை வென்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. வெற்றிக்கான கோல், டாக்கா பஸ்ஸில் அடிபட்ட ரிது போர்ணா சக்மாவுடையது.

முதல் ஐந்து கோப்பைகளும் இந்தியாவுக்கு; அடுத்த இரண்டில் இறுதியாட்டத்துக்கே வரவில்லை. டெல்லியில் இதை வீழ்ச்சி என்று எழுதினார்கள். 18-0 போய் 0-3 வந்ததை அப்படி மட்டும் பார்ப்பது சரியில்லை என்றே தோன்றுகிறது. எதிரில் நிற்பவர் பலசாலியாகாமல் எந்த வட்டாரப் போட்டிக்கும் மதிப்பு வராது. இதற்குச் சாட்சி 2025 ஜூலையின் முதல் வாரம். 2-ஆம் தேதி யாங்கோனில் மியான்மரை 2-1 என்று வென்ற வங்கதேசம், வரலாற்றில் முதல் முறையாக ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இரண்டு கோலும் ரிது போர்ணாதான். மூன்று நாள் கழித்து சியாங் மாயில் இந்தியா, தாய்லாந்தை 2-1 என்று வென்றது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர். 1983-ல் பாங்காக்கில் மூன்று கோல் போட்டு அனுப்பிய அதே தாய்லாந்து, அதன் சொந்த மண்ணிலேயே.

2022-ல் ஆசியக் கோப்பையை நடத்தும் நாடாக இந்தியா நேரடியாக உள்ளே வந்திருந்தது; ஈரானோடு 0-0 என்று ஓர் ஆட்டம் முடிந்ததும் அணிக்குள் கொரோனா பரவி விலக நேர்ந்தது. இந்தத் தடவை தகுதிச் சுற்றில் ஜெயித்து வாங்கிய இடம். மங்கோலியாவை 13-0 என்று தோற்கடித்த ஆட்டத்தில் கோல் அடித்தவர்களில் பிரியதர்ஷினி செல்லதுரை இருந்தார். ஈராக்கை 5-0 என்று வென்றபோது கார்த்திகா அங்கமுத்து. இருவரும் தமிழ்நாட்டுப் பெண்கள். 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வென்று தமிழ்நாடு இரண்டாவது முறை தேசிய சாம்பியன் ஆனபோதும் பிரியதர்ஷினி கோல் அடித்திருந்தார். அன்றைய இன்னொரு கோல் இந்துமதியுடையது.

இந்துமதி மட்டுமல்ல, தமிழ்நாடு அணிக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கும் கடலூரில் அப்படி என்னதான் நடக்கிறது? 2004 டிசம்பரில் கடல் ஏறிவந்த அந்த ஊரில், மாரியப்பன் என்கிற பயிற்சியாளரைச் சுற்றி உருவான பெண்கள் கூட்டத்தை அடுத்த இதழில் பார்க்கலாம்.

(தொடரும்)